ஃப்ரெஷ் ஆர்.எஸ்.எஸ்.: கல்லூரித் துறைக்கு ஏற்ற செய்தியோடை வாசிப்பானா?

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஆசிரியர் போடும் கட்டுரை இணைப்புக்கு ஆயுள் ஒரு நாள்தான். மறுநாள் காலை வணக்கப் படங்களும் விடுப்பு அறிவிப்புகளும் அதன் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். தேர்வு நேரத்தில் தேடினால் கிடைக்காது. பாடத்தைத் தாண்டிய வாசிப்பை ஒழுங்காக நடத்த நினைக்கும் துறைகளுக்கு 20 ஆண்டுகளுக்கு மேலாகவே ஒரு வழி இருக்கிறது: வலைப்பதிவுகளின், செய்தித் தளங்களின் ஓடைகளை (தளத்தில் புதிதாக வருவதை மென்பொருள் தானாக எடுத்துக்கொள்ளும்படி தரும் பட்டியல்களை) ஒரே இடத்தில் திரட்டி, தேவையானதை மட்டும் வகுப்புக்குத் திறந்துவிடுவது. அதற்கான கருவிகளில் சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளும் ஃப்ரெஷ் ஆர்.எஸ்.எஸ். பற்றியது இந்த மதிப்பீடு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். துறையில் லினக்ஸ் ஓடும் ஒரு சர்வர் கணினியைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தால், வகுப்பறைக்கு இதைவிடப் பொருத்தமான வாசிப்பான் இல்லை. அப்படி ஒருவர் இல்லையென்றால் இதைத் தொடவேண்டாம். மாற்று வழிகள் கடைசியில் இருக்கின்றன.

ஓடை என்ற நுட்பமே செத்துவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. 2013 ஜூலை 1 அன்று கூகுள் ரீடர் மூடப்பட்டதிலிருந்து அந்த எண்ணம் நிலைத்துவிட்டது. மூடப்பட்டது ஒரு வாசிப்பான், அவ்வளவுதான். நெட்ஸ்கேப் நிறுவனத்தில் டான் லிபியும், ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்த ராமநாதன் குஹாவும் 1999-இல் உருவாக்கிய ஆர்.எஸ்.எஸ்., 2005-இல் தரநிலையான ஆட்டம் (Atom) என்ற இரண்டு ஓடை வடிவங்களும் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. வேர்ட்பிரஸ், பிளாகர் தளங்கள் கேட்காமலே ஓடை தருகின்றன; ஒவ்வொரு யூடியூப் சேனலுக்கும் ஓர் ஓடை உண்டு; பாட்காஸ்ட் என்பதே ஓடையின் மேல் நிற்பதுதான். தமிழ் வலைப்பதிவுகளின் பொற்காலத்தில் தமிழ்மணம் போன்ற திரட்டிகள் இயங்கியதும் இதே நுட்பத்தில்தான்.

கல்வியிலும் இது புதிதல்ல. 2008-இல் ஜார்ஜ் சீமன்ஸும் ஸ்டீபன் டவுன்ஸும் கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகம் வழியாக ஒரு திறந்த இணைய வகுப்பை நடத்தினார்கள். கட்டணம் செலுத்தியவர்கள் சுமார் 25 பேர், இணையத்தில் சேர்ந்தவர்கள் 2,000-க்கும் மேல். பெருந்திரளானோர் சேரும் திறந்த இணைய வகுப்பைக் குறிக்கும் 'மூக்' என்ற பெயரே இந்த வகுப்பை ஒட்டிப் பிறந்ததுதான். மாணவர்கள் அவரவர் வலைப்பதிவில் எழுதினார்கள்; டவுன்ஸ் எழுதிய மென்பொருள் அந்த ஓடைகளைத் திரட்டித் தினசரி மடலாக அனுப்பியது. அன்று அதற்கு நிரல் எழுதத் தெரிந்த ஆசிரியர் தேவைப்பட்டார். இன்று அதன் பெரும்பகுதியை ஃப்ரெஷ் ஆர்.எஸ்.எஸ். செட்டிங்ஸ் பக்கத்திலேயே முடித்துக்கொள்ளலாம்.

நிறுவுதல்

இது திறமூல மென்பொருள், இலவசம். பி.எச்.பி. நிரல்மொழி ஓடும் எந்த வெப் சர்வரிலும் ஏறும். தரவுத்தளமாக எஸ்.க்யூ.லைட், மை எஸ்.க்யூ.எல்., போஸ்ட்கிரெஸ் மூன்றில் எதையும் கொடுக்கலாம். ஒரு துறைக்கு எஸ்.க்யூ.லைட் போதும். ஒவ்வொரு பயனருக்கும் ஒரே கோப்பு என்பதால் பேக்கப் எடுப்பது எளிது. 150 ஓடை, 22,000 கட்டுரைகளுடன் முதல் தலைமுறை ராஸ்பெரி பை என்ற சிறு கணினிப் பலகையிலேயே ஒரு விநாடிக்குள் பக்கம் திறக்கிறது என்று திட்டக் குழு குறிப்பிடுகிறது. ஆய்வகத்தில் ஓரங்கட்டிய பழைய மேசைக் கணினி தாராளம்.

டாக்கர் (மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப் பொதியாக ஓட்டும் கருவி) பழக்கம் இருந்தால் வேலை பத்து நிமிடம். மூன்று விஷயங்களை மறக்கக்கூடாது. தரவுக் கோப்புறையைக் கன்டெய்னருக்கு வெளியே வால்யூமாக இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த புதுப்பிப்பில் எல்லாம் போய்விடும். க்ரான் (குறித்த நேரத்தில் ஒரு வேலையைத் தானாக ஓட்டும் லினக்ஸ் வசதி) நிமிடத்துக்கான மாறியில் 1,31 என்று கொடுத்தால் ஓடைகளைப் புதுப்பிக்கும் நிரல் அரை மணிக்கு ஒருமுறை ஓடும். நேர மண்டலத்தை ஆசியா/கொல்கத்தா என்று வைக்காவிட்டால் கட்டுரைகளின் நேரம் ஐந்தரை மணி பின்தங்கித் தெரியும்.

டாக்கர் இல்லாமல் நேரடியாக நிறுவுகிறவர்கள் செய்யும் தவறுகள் இரண்டு. முதலாவது ஆபத்தானது: முழுக் கோப்புறையையும் வெப் சர்வரின் வெளிப்பக்கமாகக் காட்டிவிடுவது. வெளியே தெரிய வேண்டியது 'பி' (p) என்ற ஒற்றை எழுத்துக் கோப்புறை மட்டுமே. தரவுக் கோப்புறை தெரிந்தால் பயனர் விவரங்கள் எல்லாம் சந்திக்கு வந்துவிடும். இரண்டாவது, க்ரான் வேலையை ரூட் (முழு அதிகாரமுள்ள நிர்வாகி) பயனர் பெயரில் போடுவது. அப்படிச் செய்தால் ஓடை புதுப்பிக்கும் நிரல் எழுதும் கோப்புகள் ரூட்டுக்குச் சொந்தமாகிவிடும், பிறகு வெப் சர்வரால் அவற்றைத் தொட முடியாது. வெப் சர்வர் எந்தப் பயனராக ஓடுகிறதோ அதே பயனராகவே க்ரானும் ஓட வேண்டும். க்ரானே போடாமல் விட்டால், யாராவது புதுப்பி பொத்தானை அழுத்தினால்தான் புதிய கட்டுரை வரும். "நிறுவினோம், எதுவும் வரவில்லை" என்ற புகார்களில் பெரும்பாலானவை இதுதான்.

மாணவர்களுக்கு லாகின் வேண்டாம்

இந்த மென்பொருளை வகுப்புக்குத் தேர்ந்தெடுக்க முதன்மையான காரணம் இது. இணையத்தில் கிடைக்கும் வாசிப்பான் சேவைகள் ஆளுக்கொரு கணக்கு கேட்கும். 60 மாணவர்களின் மின்னஞ்சல், பாஸ்வேர்டு, மறந்த பாஸ்வேர்டு என்று முதல் இரண்டு வாரம் அதிலேயே கழியும். ஃப்ரெஷ் ஆர்.எஸ்.எஸ். இரண்டு வழிகளில் இதைத் தவிர்க்கிறது.

முதல் வழி, அங்கீகார செட்டிங்ஸில் இருக்கும் 'பெயரில்லா வாசிப்பு'. அதைத் தேர்ந்தெடுத்தால் இயல்புநிலைப் பயனரின் கட்டுரைகள் முகவரி தெரிந்த எல்லாருக்கும் தெரியும். எளிதானதுதான், ஆனால் அந்தப் பயனரின் எல்லா ஓடைகளும் திறந்துவிடும். நிறுவியவரின் கணக்கே பெரும்பாலும் இயல்புநிலைக் கணக்காக இருக்கும். அதில் கிரிக்கெட் ஓடையும் பங்குச்சந்தை ஓடையும் இருந்தால் வகுப்புக்கும் அதுவே காட்சி. வகுப்புக்கென்று தனிக் கணக்கு உருவாக்கி அதை இயல்புநிலையாக்குவது நல்லது.

இரண்டாவது வழி இன்னும் நல்லது. ஆசிரியர் வாசிக்கும்போது வகுப்புக்குத் தகுந்த கட்டுரைக்கு ஒரு லேபிள் ஒட்டுகிறார், எடுத்துக்காட்டாக 'அலகு 3'. அந்த லேபிளுக்கான தேடலைச் சேமித்து, அதைப் பகிரும்படி அமைத்தால் ஒரு பொது வலைப்பக்க முகவரியும் ஓர் ஓடை முகவரியும் கிடைக்கும். முகவரியில் ஒரு ரகசியச் சரம் இருக்கும். அதை வைத்திருப்பவர் பார்க்கலாம், மற்றவர்கள் பார்க்க முடியாது. ஒரே ஆசிரியர் மூன்று வகுப்பு எடுத்தால் மூன்று லேபிள், மூன்று முகவரி. வாட்ஸ்அப் குழுவில் அந்த முகவரியை ஒரே ஒருமுறை போட்டால் போதும், பிறகு லேபிள் ஒட்டுவது மட்டும்தான் வேலை.

துறையின் வேர்ட்பிரஸ் தளத்திலும் ஆர்.எஸ்.எஸ். பிளாக் வைத்து இந்த ஓடையைக் காட்டலாம். ஆனால் வேர்ட்பிரஸ் வெளி ஓடைகளை 12 மணி நேரம் தன்னிடம் சேமித்து வைத்துக்கொள்ளும். காலையில் ஒட்டிய லேபிள் மாலை வரை தெரியாமல் போகலாம். அவசர அறிவிப்புக்கு இது ஆகாது.

என்ன ஓடைகளைச் சேர்ப்பது?

ஒரு துறைக்கு 25 முதல் 40 ஓடைகள் போதும். அதற்கு மேல் போனால் வாசிக்காத எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் ஏறி, ஆசிரியரே திறக்கப் பயப்படுவார். நாளிதழ்களின் முதன்மை ஓடையை மட்டும் சேர்க்கவே கூடாது. நாளுக்கு நூறு செய்தி வரும், அதில் பாடத்துக்கு ஆகிறது ஒன்று. பிரிவு வாரியான ஓடை இருந்தால் அதை எடுக்க வேண்டும்.

புவியியல் துறைக்குக் கைமேல் பலன் தரும் ஓடை அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் நிலநடுக்க ஓடை. அளவு வாரியாக (எல்லாம், 1.0-க்கு மேல், 2.5-க்கு மேல், 4.5-க்கு மேல், குறிப்பிடத்தக்கவை) கால வாரியாக (ஒரு மணி, ஒரு நாள், 7 நாள், 30 நாள்) தனித்தனி ஓடைகள் இருக்கின்றன. வகுப்புக்கு 4.5-க்கு மேல், 7 நாள் என்ற சேர்க்கை சரியாக இருக்கும். இதில் பாடமாகவே ஆகக்கூடிய ஒரு விஷயம் உண்டு. முதலில் அறிவிக்கப்படும் நிலநடுக்க அளவு, கூடுதல் நிலையங்களின் பதிவுகள் வந்தபின் திருத்தப்படும். ஓடையின் செட்டிங்ஸில் 'திருத்தப்பட்ட கட்டுரைகளைப் படிக்காதவையாகக் குறி' என்பதைத் தேர்ந்தெடுத்தால், 5.1 என்று வந்தது 4.9 ஆனதும் மறுபடி மேலே வரும். முதல் செய்தியும் முடிவான தரவும் ஒன்றல்ல என்பதை விரிவுரையில் சொல்வதைவிட இப்படிக் காட்டுவது மனதில் நிற்கும்.

இதழியல், தமிழ்த் துறைகளுக்கு இன்னொன்று: விக்கிப்பீடியாவின் ஒவ்வொரு கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்துக்கும் ஆட்டம் ஓடை உண்டு, தமிழ் விக்கிப்பீடியாவுக்கும்தான். சர்ச்சைக்குரிய ஒரு கட்டுரையின் வரலாற்றைச் சேர்த்து வைத்தால், யார் எந்த வரியை மாற்றினார்கள், யார் திருப்பி மாற்றினார்கள் என்பது நாள்தோறும் வந்து விழும். மூலங்களை மதிப்பிடப் பழக்குவதற்கு இதைவிட மலிவான பயிற்சிப் பொருள் கிடையாது.

யூடியூப் சேனலின் ஓடைக்கு அந்தச் சேனலின் அடையாள எண் வேண்டும். சேனல் விவரப் பெட்டியில் 'பகிர்' என்பதற்குள் அதை நகலெடுக்கும் வசதி இருக்கிறது. ஓடையில் கடைசி 15 காணொளிகள்தான் இருக்கும். கல்வித் தொலைக்காட்சி போல நிறையப் பதிவேற்றும் சேனலைப் பிந்திச் சேர்த்தால் பழையவை வராது.

வேர்ட்பிரஸ் தளத்துக்கு முகவரியின் கடைசியில் சாய்கோடிட்டு 'ஃபீட்' என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஓடை வரும். ஒரு பகுப்பின் முகவரிக்குப் பின்னும் அதையே தட்டலாம். ஓடையே இல்லாத தளங்களுக்கு எக்ஸ்-பாத் முறையில் (பக்கத்தின் எந்தப் பகுதி வேண்டும் என்று குறித்துக் காட்டி) பக்கத்தையே சுரண்டி ஓடையாக்கும் வசதியும் இருக்கிறது. வேலை செய்யும், ஆனால் அந்தத் தளம் வடிவமைப்பை மாற்றிய அன்றே நின்றுவிடும். பல்கலைக்கழக அறிவிப்புப் பக்கம் போல ஓரிரண்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

தலைப்பும் ஒரு வரியும் மட்டும் தரும் ஓடைகளுக்கு, மூலத் தளத்திலிருந்து முழுக் கட்டுரையையும் இழுக்க கட்டுரை இருக்கும் பகுதியைச் சுட்டும் சி.எஸ்.எஸ். தேர்வியைக் கொடுக்கலாம். ஆசிரியர் தனக்காக வாசிக்க இது சரி. அதையே பொதுப் பக்கத்தில் காட்டினால் அது அடுத்தவர் கட்டுரையை மறுபதிப்புச் செய்வதாகும். பகிரும் லேபிள்களில் சுருக்கம் தரும் ஓடைகளைச் சுருக்கமாகவே விடுங்கள்.

தமிழில் வடிகட்டுவது

தேடலும் வடிகட்டியும் இந்த மென்பொருளின் பலம். தலைப்பில் மட்டும் தேடலாம், ஆசிரியர் பெயரால் தேடலாம், கழித்தல் குறி போட்டு விலக்கலாம், 'அல்லது' போட்டு இணைக்கலாம். ஒவ்வொரு ஓடைக்கும் 'இந்தச் சொல் இருந்தால் படித்ததாகக் குறித்துவிடு' என்று வரிக்கு ஒன்றாக விதி எழுதலாம். ராசிபலனையும் தங்கம் விலையையும் இப்படித்தான் வெளியேற்ற வேண்டும்.

தமிழில் ஒரு கண்ணி இருக்கிறது. தேடல் முழுச் சொல்லைப் பார்ப்பதில்லை, எழுத்துத் தொடரைப் பார்க்கிறது. இதனால் லாபமும் உண்டு: 'நிலநடுக்க' என்று கொடுத்தால் நிலநடுக்கம், நிலநடுக்கத்தால், நிலநடுக்கங்கள் மூன்றும் சிக்கும். வேற்றுமை உருபுக்குத் தனியாக மெனக்கெட வேண்டாம். ஆனால் அதே தைரியத்தில் 'வெள்ள' என்று கொடுத்தால் வெள்ளச் செய்திகளோடு வெள்ளிக்கிழமையும் வெள்ளி விலையும் வெள்ளை அறிக்கையும் வந்து குவியும். 'ளி', 'ளை' என்பவை கணினிக்கு 'ள' என்ற குறியீடும் அதன்பின் ஓர் உயிர்க்குறியும்தான். 'வெள்ள' என்ற தொடர் அவற்றுக்குள் அப்படியே இருக்கிறது. எனவே 'வெள்ளம்', 'வெள்ளத்', 'வெள்ளப்', 'வெள்ளக்' என்று மெய்யெழுத்தில் முடியும் வடிவங்களை 'அல்லது' போட்டு இணைக்க வேண்டும். 'மர' என்று தேடி மரபும் மரணமும் வந்தால் காரணம் இதுவே.

பழைய எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்ட பக்கங்களில் இன்னொரு சிக்கல். 'கொ' என்பதை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், தேடலில் ஒன்று மற்றொன்றைக் கண்டுகொள்ளாது. கண்ணெதிரே இருக்கும் சொல் தேடலில் அகப்படவில்லை என்றால் இதைச் சந்தேகிக்கலாம்.

மாணவர் வலைப்பதிவுகளைத் திரட்டுதல்

வாசிப்பது ஒரு பாதி. வாசித்ததைப் பற்றி மாணவர் எழுதினால்தான் ஆசிரியருக்கு எதுவும் தெரியும், ஏனென்றால் பொதுப் பக்கத்தை யார் திறந்தார், யார் படித்தார் என்று இந்த மென்பொருள் சொல்லாது. வருகைப் பதிவு போலப் பயன்படுத்த நினைப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். அது ஒரு குறை என்று நாங்கள் எண்ணவில்லை. வாசிப்பை எண்ணிக்கையாக்கினால் மாணவர்கள் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

ஒவ்வொரு மாணவரின் வலைப்பதிவு ஓடையையும் ஒரு பிரிவின் கீழ் சேர்த்தால், 40 பேர் எழுதியதை ஒரே பட்டியலில் பார்க்கலாம். ஓடை முகவரியைப் படிவம் மூலம் வாங்கும்போது பாதிப் பேர் டாஷ்போர்டு முகவரியையோ ஒரு தனி இடுகையின் முகவரியையோதான் கொடுப்பார்கள். தளத்தின் முகப்பு முகவரியை மட்டும் கேளுங்கள், ஓடையை மென்பொருளே கண்டுபிடித்துக்கொள்ளும்.

சொந்த வலைப்பதிவு ஏற்கெனவே வைத்திருக்கும் மாணவரை வகுப்புக்கென்று இன்னொன்று தொடங்கச் சொல்ல வேண்டாம். பிளாகரில் ஒரு லேபிளுக்கு மட்டும் தனி ஓடை எடுக்கலாம். வழக்கமான ஓடை முகவரியின் பின் சாய்கோடு, இடைக்கோடு, சாய்கோடு, பிறகு லேபிள் பெயர். அந்த லேபிளை ஆங்கிலச் சிற்றெழுத்தில் ஒரே சொல்லாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தமிழ் லேபிள் வேலை செய்யும், ஆனால் முகவரி சதவீதக் குறிகளாக மாறிப் படியெடுக்கும்போது உடையும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டையும் பிளாகர் பார்க்கும்.

தமிழ்த் தலைப்பால் வரும் தொல்லை பிளாகரில் ஒரு மாதிரி, வேர்ட்பிரஸில் வேறு மாதிரி. தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால் பிளாகர் இடுகையின் முகவரியை 'பிளாக்-போஸ்ட்' என்றும் அடுத்ததற்கு அதன் பின்னால் ஓர் எண்ணும் வைத்துவிடும். வேர்ட்பிரஸ் தமிழையே வைக்கும், ஆனால் 200 குறிகளுக்கு மேல் அனுமதிக்காது. ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 9 குறி செலவாவதால் 22 குறியீட்டோடு கதை முடிந்துவிடும். 'மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகள்' என்று தலைப்பு வைத்தால் முகவரி 'மலையி' என்பதோடு நறுக்கப்பட்டு நிற்கும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: வெளியிடுவதற்கு முன் முகவரிப் பகுதியில் இரண்டு ஆங்கிலச் சொற்களைக் கையால் தட்டிவிட வேண்டும். ஓடைக்கு இதனால் பாதிப்பில்லை, ஆனால் மாணவர்கள் ஒருவர் இடுகைக்கு மற்றவர் இணைப்புக் கொடுக்கும்போது தெரியும் அருமை.

மதிப்பெண் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இது. வேர்ட்பிரஸ் ஓடையில் இயல்பாகக் கடைசி 10 இடுகைகள்தான் இருக்கும், பிளாகரில் 25. செமஸ்டர் முழுக்கச் சும்மா இருந்துவிட்டுக் கடைசி இரவில் அரை மணி நேரத்துக்குள் 14 இடுகை போடும் மாணவரின் முதல் நான்கு ஓடைக்கு வராமலே போகலாம். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், இடுகைகளுக்கு ஜூலை, ஆகஸ்ட் என்று பின்தேதி போடுவார்கள். ஃப்ரெஷ் ஆர்.எஸ்.எஸ். இங்கே கெட்டிக்காரத்தனமாக நடந்துகொள்கிறது. வெளியான தேதி வேறு, தனக்கு வந்து சேர்ந்த தேதி வேறு என்று இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கிறது. இரண்டையும் தனித்தனியாகத் தேடலாம். ஜூலையில் எழுதியதாகச் சொல்லும் இடுகை நவம்பரில் வந்திருந்தால் மாட்டிக்கொள்ளும். இதற்காகவே முதல் வாரத்திலேயே எல்லா மாணவர் ஓடைகளையும் சேர்த்துவிட வேண்டும். பிந்திச் சேர்த்தால் இந்தச் சோதனை பயன்படாது.

வலைப்பதிவைத் தனிப்பட்டதாகப் பூட்டினால் ஓடை கிடைக்காது. பெயரை மறைக்க வேண்டுமென்றால் புனைபெயரில் எழுதச் சொல்லி, தேடுபொறிகளுக்குக் காட்டாதே என்ற செட்டிங்கை மட்டும் போடலாம், ஓடை வழக்கம்போல ஓடும். பள்ளிகளில் இதைச் செய்யும்போது இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைக் குழந்தைகள் என்றே கணக்கிடுகிறது. மாணவர் பெயரில் கணக்குத் திறப்பதைவிட, ஆசிரியரின் கணக்கில் ஒரே வகுப்பு வலைப்பதிவு நடத்துவதே பள்ளிக்குச் சரி.

மூன்று மாதத்தில் மறையும் கட்டுரைகள்

நிறுவியவுடன் மாற்ற வேண்டிய ஒரு செட்டிங் இருந்தால் அது காப்பக செட்டிங்தான். இயல்பாக மூன்று மாதத்துக்கு மேற்பட்ட கட்டுரைகளை இது நீக்கிவிடும். ஓர் ஓடைக்கு 200 கட்டுரைக்கு மேலும் வைத்திருக்காது. நட்சத்திரமிட்டவையும் லேபிள் ஒட்டியவையும் தப்பிக்கும், படிக்காதவை தப்பிக்காது. ஜூலையில் தொடங்கும் செமஸ்டரின் முதல் அலகில் லேபிள் ஒட்டாமல் விட்ட கட்டுரைகள் தேர்வு நேரத்தில் காணாமல் போவது இதனால்தான். காலத்தை ஒரு வருடமாக்குங்கள். மாணவர் ஓடைப் பிரிவில் நீக்கமே வேண்டாம் என்று வையுங்கள். நிலநடுக்க ஓடைக்கு 200 என்ற எல்லையை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆண்டுத் தரவு மிஞ்சாது.

அடிக்கடி வரும் கோளாறுகள்

ராஸ்பெரி பையில் வைத்திருந்தால், மின்வெட்டுக்குப் பின் எல்லா ஓடையும் ஒரே நேரத்தில் எச்சரிக்கைக் குறி காட்டலாம். ஐந்தாம் தலைமுறைக்கு முந்தைய பலகைகளில் கடிகாரமே கிடையாது. இணையம் வந்து நேரம் சரியாகும் வரை பழைய தேதியில் நிற்கும், அந்தத் தேதியில் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாமல் போகலாம். நேரத்தைச் சரிசெய்தால் தானாகத் தீரும். மெமரி கார்டில் தரவுத்தளம் வைத்திருந்தால் நாலைந்து மின்வெட்டில் கோப்பே பழுதாகலாம், எனவே யு.எஸ்.பி. வட்டும் சிறிய யு.பி.எஸ்.-ம் அவசியம்.

கல்லூரி வளாகத்தில் ப்ராக்ஸி (இணையப் போக்குவரத்து எல்லாம் கடந்து செல்லும் இடைநிலை சர்வர்) இருந்தால் ஓடை எதுவும் வராது. ஒவ்வொரு ஓடைக்கும் ப்ராக்ஸி கொடுக்க இடம் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் சேர்த்து அமைப்புக் கோப்பிலும் கொடுக்கலாம். சான்றிதழ் சரிபார்ப்பை நிறுத்தும் விருப்பமும் அங்கே உண்டு. வளாக ஃபயர்வால் சான்றிதழை மாற்றி வைக்கும் இடங்களில் பலர் அதை நிறுத்திவிடுகிறார்கள். அதைவிட வளாகத்தின் சான்றிதழை சர்வரில் சேர்ப்பது ஒழுங்கான வழி.

கைபேசிச் செயலியில் வாசிக்க விரும்பும் ஆசிரியர்கள் கூகுள் ரீடர் வழியிலான ஏ.பி.ஐ.-யை (வேறு செயலிகள் இணைவதற்கான வாசலை) பயன்படுத்தலாம். ஐபோனில் நெட்நியூஸ்வயர், ஆண்ட்ராய்டில் ரீட்ராப்ஸ், ஃபீட்மீ போன்றவை இணைகின்றன. "பாஸ்வேர்டு தவறு" என்று திரும்பத் திரும்ப வந்தால், லாகின் பாஸ்வேர்டைத் தட்டிக்கொண்டிருக்கிறீர்கள். ஏ.பி.ஐ.-க்கு சுயவிவரப் பக்கத்தில் தனி பாஸ்வேர்டு வைக்க வேண்டும், அதற்கு முன் நிர்வாகி ஏ.பி.ஐ. அணுகலைத் திறந்திருக்க வேண்டும்.

ஓடைகள் சத்தமில்லாமல் இறந்துபோகும். புள்ளிவிவரப் பக்கத்தில் 'செயலற்ற ஓடைகள்' என்ற பட்டியல் இருக்கிறது, மாதத்துக்கு ஒருமுறை அதைப் பார்த்தால் போதும்.

மாற்று வழிகள்

சர்வர் வேண்டாம், ஆய்வகக் கணினிகளில் மட்டும் வேண்டும் என்றால் தண்டர்பேர்ட். மின்னஞ்சல் மென்பொருளான அதற்குள்ளேயே ஓடைக் கணக்கு இருக்கிறது. மின்னஞ்சல் முகவரிகூட இல்லாமல் அதை மட்டும் உருவாக்கலாம். ஆசிரியர் தயாரித்த ஓ.பி.எம்.எல். கோப்பை (ஓடை முகவரிகளின் பட்டியலை) ஒவ்வொரு கணினியிலும் இறக்குமதி செய்தால் எல்லாவற்றிலும் ஒரே பட்டியல். குறை, எதைப் படித்தோம் என்பது அந்தக் கணினியோடே நின்றுவிடும். அடுத்த வாரம் வேறு கணினியில் உட்கார்ந்தால் முதலிலிருந்து.

ஆசிரியர் ஒருவர் தனக்காக மட்டும் வாசித்து, தேர்ந்தெடுத்ததை அனுப்பினால் போதும் என்றால் இணைய வாசிப்பான் சேவைகள் இருக்கின்றன: இனோரீடரின் இலவசத் திட்டம் 150 ஓடை வரை தருகிறது, ஃபீட்லி 100 ஓடை. இரண்டில் இனோரீடரின் தேடல் மேல். 40 மாணவர் வலைப்பதிவுகளையும் துறை ஓடைகளையும் சேர்த்தாலும் எல்லைக்குள் அடங்கும். ஆனால் வடிகட்டி போன்ற உருப்படியான வசதிகளுக்குக் கட்டணம் கேட்கத் தொடங்கும் இடம் சீக்கிரமே வந்துவிடும்.

ஃப்ரெஷ் ஆர்.எஸ்.எஸ். நிறுவிய துறை, கல்வியாண்டு முடிந்ததும் மூன்றைக் கழற்றி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்: ஓ.பி.எம்.எல். பட்டியல், நட்சத்திரமிட்டவற்றின் ஏற்றுமதி, தரவுக் கோப்புறையின் நகல். ஆசிரியர் மாறினால் புதியவரிடம் முதலில் கொடுக்க வேண்டியது அந்தப் பட்டியல்தான்; அதைத் தண்டர்பேர்டிலோ இனோரீடரிலோகூட அப்படியே ஏற்றிக்கொள்ளலாம்.